மணிவிழாவும் ஸ்டேக் உணவகமும்

பணி ஓய்வு பெற்ற பிறகாவது இப்பக்கத்தில் அடிக்கடி எழுதுவேன் என்று வாக்களித்திருந்தேன். வழக்கம்போல் வாக்குத் தவறிவிட்டேன், பொறுத்தருள்க.

சென்ற வாரம் நான் முன்பு பணியாற்றிய பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை அழைத்தார். தலைமையாசிரியருக்குப் பிரியாவிடை விருந்து வைக்கப் போகிறார்களாம். இளைய ஆசிரியர்கள் கடற்கரை உல்லாச விடுதியில் இருக்கும் ஸ்டேக் உணவகம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம். "சார், உங்கள் மணிவிழாவுக்கு அப்படி ஓர் இடத்துக்குத்தானே போனீர்கள்? எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டார். தொலைபேசியில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கும் செய்தியன்று அது. எழுதி வைக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள் என்று கூறிவிட்டேன். ஆகவே, இக்கட்டுரை முதலில் அந்த ஆசிரியைக்கு. அடுத்து, இத்தகைய விருந்துக்குத் திட்டமிடும் மற்ற அன்பர்களுக்கு.

மணிவிழா என்றால் நம் வழக்கப்படி காலையில் கோயில், அருச்சனை, பெரியவர்களிடம் ஆசி, மதியம் வாழையிலைச் சாப்பாடு. அதற்கு மேல் எதையும் நான் எண்ணியிருக்கவில்லை. சிங்கப்பூரில் பொறியாளராகப் பணிபுரியும் என் மகள்தான் அழைத்துச் சொன்னாள். "காலையில் உங்கள் விருப்பம். இரவு என் விருப்பம். ரிசார்ட்டில் ஒரு நல்ல ஸ்டேக் உணவகம். செலவு என்னுடையது. இடத்தை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுங்கள் அப்பா."

"மணிவிழாவுக்கு மாட்டிறைச்சிக் கடையா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"போர்ட்டிக்சன் ஞாபகம் இருக்கிறதா?" என்றாள்.

ஞாபகம் இருந்தது. மறந்திருப்பாள் என்று நான்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

2009-ஆம் ஆண்டு அவள் யுபிஎஸ்ஆர் தேர்வில் 7ஏ பெற்றாள். 7ஏ எடுத்தால் நீ கேட்கும் இடத்தில் சாப்பாடு என்று தேர்வுக்கு முன்பு நான் வாக்குக் கொடுத்திருந்தேன். (பெற்றோர்களே, தேர்வுக்கு முன் எதையும் வாக்களிக்காதீர்கள் என்று பள்ளிக் கூட்டங்களில் பேசியவனும் நானே!) அவ்வாண்டின் இறுதியில் ஆசிரியர் பயிலரங்கு ஒன்றுக்காகப் போர்ட்டிக்சனுக்குச் சென்றபோது குடும்பத்தையும் அழைத்துச் சென்றேன். கடலைப் பார்த்தவாறு ஒரு விடுதி. அதன் கீழ்த்தளத்தில் ஸ்டேக் உணவகம். கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைத் துணி விரித்த மேசைகளும், பளபளக்கும் கத்திகளும். "இதுதான் வேண்டும்" என்றாள் பிள்ளை.

வாசலில் மரத்தாங்கி ஒன்றில் விலைப்பட்டியலைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு தட்டின் விலை 90 வெள்ளிக்கு மேல். மூன்று பேர். அதற்கு மேல் வரி. வீட்டுக் கடன், மகிழுந்துக் கடன், அப்பாவின் மருத்துவச் செலவு எல்லாம் ஒரு நொடியில் மனக்கணக்காக ஓடி முடிந்தன. உள்ளே சென்று பணியாளரிடம் ஏதோ கேட்பதுபோல் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, "இன்று இடமில்லையாம்மா" என்றேன். பிறகு சாலையோரக் கோப்பிக் கடையில் சிக்கன் சாப் வாங்கிக் கொடுத்தேன். அவளும் நன்றாகத்தான் சாப்பிட்டாள்.

"ஐந்து மேசைகள் காலியாக இருந்தன அப்பா. நான் எண்ணினேன்" என்றாள் இப்போது, தொலைபேசியில். கோபமில்லாமல்தான் சொன்னாள். "விலைப்பட்டியலையும் படித்தேன். ஆங்கிலம் வாசிக்க நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்."

இதற்குப் பிறகு மறுத்துப் பேச எனக்கு வாயில்லை.

சரி, இடம் தேடும் படலத்துக்கு வருவோம். மகள் முதலில் சொன்னது சிங்கப்பூர் மெரினா பே சாண்ட்ஸ். அங்கே வுல்ஃப்கேங் பக் என்னும் புகழ்பெற்ற சமையற்கலைஞரின் 'கட்' என்ற ஸ்டேக் உணவகம் உண்டு. மிஷெலின் வழிகாட்டி 2016-இல் முதன்முறையாகச் சிங்கப்பூருக்கு வெளிவந்தபோதே ஒரு நட்சத்திரம் பெற்ற உணவகம் அது. பட்டியலை இணையத்தில் பார்த்தேன். சிங்கப்பூர் வெள்ளி. நம் வெள்ளிக்கு மாற்றினால் மூன்று மடங்குக்கு மேல். போதாதென்று விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள்! அந்தக் கூட்டல் குறிகளை நம்மவர்கள் பலர் அழகுக்குப் போட்டதாக எண்ணிவிடுகிறார்கள். முதல் குறி 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது பொருள் சேவை வரி. 2024-இலிருந்து அது 9 விழுக்காடு. வரி, சேவைக் கட்டணத்தின் மீதும் விழும். ஆக, 100 வெள்ளி உணவு 119 வெள்ளி 90 காசாகிவிடும். நம் நாட்டில் உல்லாச விடுதிகளில் பெரும்பாலும் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, சேவை வரி 6 விழுக்காடு. 100 வெள்ளிக்கு 116 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரியாவிடை விருந்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் ஆசிரியர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் விருந்து முடிந்த இரவு பொருளாளர் மட்டும் தனியே வியர்த்துக்கொண்டு நிற்பார்.

எனினும் சிங்கப்பூரை நான் விலைக்காக விடவில்லை. அம்மாவுக்கு அகவை 79. முழங்கால் வலி. வார இறுதியில் ஜொகூர் பாலத்தில் மூன்று மணி நேரம் அவரை உட்கார வைத்தால், அது விருந்தாகாது, தண்டனையாகும். அடுத்து மனைவி கேமரன் மலை என்றார். தானா ராத்தா அருகே 1930களின் இறுதியில் ஆங்கிலக் கிராம வீடு போலக் கட்டப்பட்ட ஸ்மோக்ஹவுஸ் என்னும் விடுதி இருக்கிறது. படத்தில் பார்க்கவே அழகு. குளுவாங்கிலிருந்து அவ்வளவு தொலைவு, அதன்பின் மலைப்பாதை வளைவுகள். அம்மா மறுத்துவிட்டார். எஞ்சியது நம் மாநிலத்துத் தேசாரு கடற்கரை. கோத்தா திங்கி வழியாகப் போய் இரவே திரும்பிவிடலாம். அங்கே இரண்டு விடுதிகளின் உணவகங்களைக் குறித்துக்கொண்டேன். பெயர்கள் வேண்டா.

இனி, ஆசிரியர் புத்தி சும்மா இருக்குமா? தெரியாத பாடத்தை நடத்தப் போகிறவனைப்போல் இரண்டு வாரம் படித்தேன். முதல் ஐயமே சொல்லில் வந்தது. "ஸ்டேக்குக்குத் தமிழில் என்ன?" என்று மகள் கேட்டாள். இறைச்சித் துண்டம் என்றால் கறிக்கு வெட்டியதும் துண்டம்தான். தசை நார்களுக்குக் குறுக்கே தடிமனாக அரிந்து, கடும் வெப்பத்தில் வாட்டி எடுப்பது என்று விளக்கலாமே ஒழிய, ஒரு சொல்லில் அடக்க எனக்குத் தெரியவில்லை. உங்களில் எவருக்கேனும் நல்ல சொல் அமைந்தால் எழுதுங்கள். அதுவரை ஸ்டேக் என்றே இருக்கட்டும்.

விலை ஏன் இப்படி ஏறுகிறது என்பதும் படிக்கப் படிக்கப் புரிந்தது. மாட்டின் முதுகெலும்பை ஒட்டி உட்புறம் அதிகம் உழைக்காத தசை ஒன்று உண்டு, அதுதான் ஃபில்லெட். மிக மென்மையானது, கொழுப்புக் குறைந்தது, ஒரு மாட்டில் சிறிதளவே கிடைப்பது. விலாப்பகுதியிலிருந்து வரும் ரிப்ஐ கொழுப்பு ஊடுருவியது, சுவை அதிகம். இந்தக் கொழுப்புக் கோடுகளைத்தான் பளிங்குக்கல்லின் கோடுகளுக்கு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கிறார்கள். அமெரிக்க வேளாண்துறையின் தரங்களில் பிரைம் மேலானது, அடுத்தது சாய்ஸ். ஜப்பானிய வாக்யூவுக்கு ஏ5 என்பது உச்சம். அதில் எழுத்து, உடலிலிருந்து எவ்வளவு இறைச்சி தேறுகிறது என்பதைக் குறிக்கிறது. எண்தான் தரத்தைச் சொல்வது. பட்டியலில் 'வாக்யூ' என்று மட்டும் எழுதி, எந்த நாடு, எந்தத் தரம் என்று எழுதாத இடத்தில் கேட்டுவிடுங்கள். ஆஸ்திரேலிய வாக்யூவும் உண்டு. அதன் விலையும் தரமும் வேறு. 100 கிராமுக்கு இவ்வளவு என்று போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. எலும்போடு வரும் பெரிய துண்டு ஒரு கிலோவைத் தாண்டும். உருளைக்கிழங்கும் கீரையும் தட்டோடு வாரா. அவற்றுக்குத் தனி விலை.

வேக்காட்டைப் பற்றி ஒரு சொல். நம்மவர்கள் பலர் சிவப்பைக் கண்டால் இரத்தம் என்று அஞ்சித் தட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள். அது இரத்தமன்று, தசையில் உள்ள மயோகுளோபின் என்னும் புரதம் நீரோடு கலந்து வருவது. உட்புற வெப்பம் ஏறத்தாழ 55 பாகையில் நடுப்பகுதி சிவப்பாகவும், 60ஐத் தாண்டினால் இளஞ்சிவப்பாகவும், 70ஐத் தாண்டினால் முழுவதும் வெந்து பழுப்பாகவும் இருக்கும். முழுக்க வெந்ததே வேண்டும் என்பவர் நாணத் தேவையில்லை. ஆனால் அதற்குப் போய் ஏ5 வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து.

இவையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை. உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருந்தது.

நான்கு பேர் போகப் போகிறோம். மகள் எல்லாம் சாப்பிடுவாள். மனைவி மாட்டிறைச்சி தொடமாட்டார். செவ்வாய், வெள்ளி, சனி முழுச் சைவம். (ஆகவே விருந்து ஞாயிறு என்று முடிவாயிற்று.) அம்மா கோழி, மீன் உண்பார். மாட்டிறைச்சி அவருக்கு வெறும் பிடிக்காத உணவன்று. வீட்டுக்குள் பெயர் சொல்லக்கூடாத ஒன்று. அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தது மூன்று ஆண்டுகளே. ஆங்கிலப் பட்டியலை அவரிடம் நீட்டினால் என் கையில் திருப்பிக் கொடுப்பார். வங்கிக் கடிதம், மருத்துவமனைத் தாள், மருந்துப் போத்தல் எதுவானாலும் நான் வாசித்துச் சொல்வதே அவருக்கு எழுத்து. ஒன்பது வயதிலிருந்து அம்மாவுக்கு வாசித்துக் கொண்டிருக்கிறேன்.

என்னைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. 1987-இல் கோலாலம்பூரில் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது, உதவித்தொகை கிடைத்த மாலையில் நண்பர்கள் மூவரோடு துவாங்கு அப்துல் ரகுமான் சாலையில் இருந்த கொலிசியம் உணவகத்துக்குப் போனேன். 1921-இல் தொடங்கப்பட்ட இடம். தோட்டத் துரைமார்கள் பட்டணம் வந்தால் கூடும் இடமாக இருந்ததாகப் புகழ் பெற்றது. ஹைனான் சமையல்காரர்களின் கைவண்ணம். சூடான இரும்புத் தட்டில் ஸ்டேக்கை வைத்துக் குழம்பை ஊற்றுவார்கள். அது சீறித் தெறிக்கும்போது நாம் வெள்ளைத் துணியை மார்புக்கு முன்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். துரைமார் அமர்ந்த இடத்தில் பால்மரம் வெட்டியவர் மகன் அமர்கிறான் என்ற மிதப்பில் நானும் அதையே கேட்டேன். சாப்பிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. மனைவிக்கே திருமணமாகிப் பத்து ஆண்டு கழித்துத்தான் சொன்னேன்.

இப்போது உணவகத்துக்கு வருகிறேன். ஸ்டேக் உணவகத்தில் மாட்டிறைச்சி வேண்டா என்றால் கோழியோ மீனோ கேட்டுவிட்டால் போதும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். அவ்வளவு எளிதன்று. கோழியை வாட்டுவது அதே கம்பியில். அதன்மேல் ஊற்றும் பழுப்புக் குழம்பு பல இடங்களில் மாட்டெலும்பைக் கொதிக்க வைத்து வற்றக் காய்ச்சியது. வெங்காய சூப்பின் அடிப்படையும் பெரும்பாலும் அதுவே. உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக்கொழுப்பில் பொரித்தால்தான் மணம் என்பது மேலைச் சமையலில் பழைய நம்பிக்கை. இறுதியில் வரும் இனிப்பையும் விட்டுவிடாதீர்கள். பன்னகோட்டா போன்றவை கெட்டிப்படச் ஜெலட்டின் சேர்ப்பார்கள். நம் நாட்டில் ஹலால் என்று போட்டிருந்தால் அது பன்றியிலிருந்து வந்ததன்று என்பது உறுதி. ஆனால் மாட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார்-அகார் என்றால் கவலையில்லை.

ஹலால் பார்க்கும் நண்பர்களுக்கு ஜாக்கிம் முத்திரை இருக்கிறது. நமக்கு முத்திரை கிடையாது. நாம் வாய்திறந்து கேட்டால்தான் உண்டு. கேட்டாலும் பதில் சரியாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் மெக்டோனல்ட்ஸ் நிறுவனம் 1990-இல் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டதாக அறிவித்தது. வறுவலில் மாட்டிறைச்சிச் சுவைப்பொருள் சேர்ந்திருந்தது பின்னர் தெரியவந்து, 2001-இல் வழக்காயிற்று. 2002-இல் ஒரு கோடி டாலர் கொடுத்து நிறுவனம் இணக்கம் கண்டது. ஆண்டுக்கணக்கில் நம்பிச் சாப்பிட்ட இந்துக்களும் சைவ உணவினரும் அந்தச் செய்தியை எப்படி ஏற்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே இரண்டு உணவகங்களுக்கும் தொலைபேசியில் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டேன். "79 வயது மூதாட்டி ஒருவர் வருகிறார். மாட்டிறைச்சி எந்த வடிவிலும் கூடாது. என்ன செய்ய முடியும்?"

முதல் இடத்தில் நான் பேசி முடிக்கும் முன்பே, "ஒரு பிரச்சினையும் இல்லை சார், எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, முன்பணம் எவ்வளவு என்பதற்கு உடனே போய்விட்டார்கள்.

இரண்டாம் இடத்தில், "சமையலறையில் கேட்டுவிட்டு நானே அழைக்கிறேன்" என்றார் ஒரு பெண். மறுநாள் அழைத்தவர் சமையற்காரரே. அவர் என்னைக் கேள்வி கேட்டார். அதே கம்பியில் வாட்டினாலும் ஆகாதா, அல்லது இறைச்சி மட்டும் கூடாதா? பால், வெண்ணெய் ஆகுமா? முட்டை? பாட்டிக்கு மெல்லுவதில் சிரமம் உண்டா? குழம்பு மாட்டெலும்பில் செய்தது, அதை மாற்ற முடியாது, எலுமிச்சை வெண்ணெய் தரலாமா? கோழியைத் தனி வாணலியில் செய்து தருவதாகவும், ஆனால் ஒரே சமையலறை, ஒரே காற்று, அதை மறைக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

இரண்டாம் இடத்தில் தட்டுக்கு 20, 30 வெள்ளி கூடுதல். கடற்காட்சியும் முதல் இடத்தில்தான் சிறப்பு. நான் இரண்டாம் இடத்தையே பதிவு செய்தேன். அழைத்துக் கேட்ட ஆசிரியைக்கு நான் சொல்லக்கூடிய தேர்வுமுறை ஒன்றே ஒன்றுதான். "முடியும்" என்று உடனே சொல்பவரை விட, திருப்பிக் கேள்வி கேட்பவரிடம் போங்கள்.

அடுத்து அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

"எதற்கு அப்பா சொல்ல வேண்டும்?" என்றாள் மகள். "ஹோட்டல் என்று மட்டும் சொல்லுங்கள். பாட்டிக்குக் கோழி வரப் போகிறது. என் தட்டில் இருப்பது என்னவென்று பாட்டிக்குத் தெரியவா போகிறது?" அவள் பாட்டி மீது உயிரையே வைத்திருப்பவள். பாட்டியின் மனம் நோகக்கூடாது என்றுதான் சொன்னாள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அந்த வசதியில் இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அம்மா மருத்துவமனைத் தாளை எடுத்துவந்து, "இதுல என்னா போட்டிருக்கான்னு பாரு" என்று நீட்டினார். வாசித்துச் சொன்னேன். மாலையில் அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"மாட்டுக்கறிக் கடையா?" என்றார்.

"ஆமாம்மா. கோழி, மீனும் உண்டு."

கீரையை உருவிக்கொண்டே இருந்தார். "உனக்கு ஆசையா, பிள்ளைக்கு ஆசையா?"

"பிள்ளைக்கு." போர்ட்டிக்சன் கதையையும் சொன்னேன், 'இடமில்லை' என்று நான் சொன்னது உட்பட.

"அப்ப போவம்" என்றார் அம்மா. "எனக்குக் கோழி. எலும்பு இல்லாம."

குறித்த ஞாயிறு மாலை காஞ்சிப் பட்டும் திருநீறுமாய் அம்மா அந்த உணவகத்துக்குள் நுழைந்தார். அங்கிருந்தவர்களில் நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தனர். அவர் எவரையும் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துவிட்ட இளைஞனிடம் "நல்லா இரு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உள்ளே விறகுப் புகையும் வாட்டும் மணமும் மிதந்தன. அம்மா ஒரு முறை மூச்சை இழுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கோழி சொன்னபடியே தனி வாணலியில் வெந்து, சிறு துண்டுகளாக அரிந்து வந்தது. மனைவிக்கு மீன். நானும் மீனே கேட்டேன். மகள் ரிப்ஐ கேட்டுவிட்டு, தட்டு வந்ததும் பாட்டியைப் பார்த்தாள். "சாப்பிடு தாயி, ஆறிடும்" என்றார் அம்மா. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள். பதினாறு ஆண்டு காத்திருந்த கத்தி!

அப்போதுதான் அந்த இளைஞன் மணிவிழாவுக்கு உணவகத்தின் அன்பளிப்பு என்று ஒரு பெரிய கிண்ணம் நிறைய உருளைக்கிழங்கு வறுவலைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தான். பொன்னிறம், நல்ல மணம். அம்மா கையை நீட்டினார். எனக்குச் சட்டென்று உறைத்தது. "எந்த எண்ணெய்?" என்று கேட்டேன். இளைஞன் விழித்தான். உள்ளே ஓடிப் போய் வந்தவன் முகம் மாறியிருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிண்ணத்தை எடுத்துச் சென்றான்.

"ஏன் எடுத்துட்டுப் போறான்?" என்றார் அம்மா.

'சரியாக வேகவில்லையாம்' என்ற வாக்கியம் என் நாக்கின் நுனியில் தயாராக நின்றது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டுக்கொழுப்பில் பொரிச்சதாம்மா" என்றேன்.

அம்மா நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்து, "அந்த வாசனைதான்" என்றார். "உள்ள வந்தப்பவே நெனைச்சேன்."

அன்று அவர் சொன்னதை அதுவரை நான் கேட்டதில்லை. அம்மாவுக்குப் பதினொரு வயதில், அவருடைய தாயார் தோட்டத்துத் துரை பங்களாவில் துணி துவைக்கப் போவாராம். கூடவே அம்மாவும் போய் வெங்காயம் உரிப்பது, தட்டுக் கழுவுவது. ஹைனான் சமையல்காரர் ஒருவர் இருந்தார், நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை துரைக்குப் பெரிய இறைச்சியைச் சுட்டு எடுத்த பிறகு, அந்தத் தட்டத்திலேயே முறுகிய உருளைக்கிழங்கில் நான்கைந்தைத் தகர மங்கில் போட்டுக் கொடுப்பாராம். இரண்டு வருடம் ஞாயிறுதோறும் அம்மா அதைச் சாப்பிட்டார். பிறகொரு நாள் அவருடைய தாயார் பார்த்துவிட்டார். மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அடித்து, மாரியம்மன் கோயிலில் மூன்று வெள்ளிக்கிழமை ஈரத்துணியோடு சுற்ற வைத்தார்களாம்.

"கெழங்குன்னுதான் நெனைச்சேன். அந்தத் தாத்தா மேல குத்தமில்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. எனக்குக் கேக்கத் தெரியல" என்றார் அம்மா. தண்ணீர் குடித்தார். பிறகு மகள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "ஆனா ருசின்னா அப்படி ஒரு ருசி தாயி. அதுதான் இன்னும் மறக்கல" என்றார்.

என் மனைவிக்குச் சிரிப்பதா வேண்டாவா என்று தெரியவில்லை. மகள் சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தார். இளைஞன் வேறொரு கிண்ணத்தில் வெண்ணெயிட்ட அவித்த உருளைக்கிழங்கைக் கொண்டுவந்தான். பின்னாலேயே சமையற்காரரும் வந்தார். அம்மாவின் அருகே குனிந்து நின்று, வறுவலைப் பற்றித் தன் ஆட்களிடம் சொல்ல மறந்தது தன் பிழை என்றார். நான் மொழிபெயர்த்தேன். "கோழி நல்லா வெந்திருந்துச்சின்னு சொல்லு" என்றார் அம்மா.

கணக்கு வந்தபோது மகள் அதை மறைக்கவில்லை. என் பக்கம் திருப்பி வைத்தாள். ஆயிரம் வெள்ளியைத் தாண்டியிருந்தது. அவித்த கிழங்குக்கு விலை போடவில்லை. நான் கூட்டல் சரிபார்த்தேன், பழக்கதோஷம். சரியாக இருந்தது. "இடமிருந்தது அப்பா" என்றாள்.

திரும்பும்போது பின்னிருக்கையில் மனைவியும் மகளும் உறங்கிவிட்டனர். இருபுறமும் செம்பனைத் தோட்டம், விளக்கில்லாத சாலை. அம்மா முன்னிருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தார். கோத்தா திங்கிக்குச் சற்று முன்பு நான் சொன்னேன்.

"அம்மா, 87-ல கோலாலம்பூர்ல படிக்கிறப்ப நான் அதைச் சாப்பிட்டிருக்கேன். ஒரு தடவ."

எதிரே ஒரு லாரி வந்து கடந்து போயிற்று.

"நல்லா இருந்துச்சா?"

"ஞாபகமில்லம்மா. பயந்துகிட்டே சாப்பிட்டேன்."

அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.